போர் விமானம் வாங்க வேண்டுமா? கிள்ளான் லோரிக்காரர்களைக் கேளுங்கள்

மார்ச் 14, சனிக்கிழமை, காலை 8.05. பிரிக்பீல்ட்ஸ் வீட்டைப் பூட்டும்போது பையில் மடிக்கணினி, அதில் 42 ஸ்லைடுகள். ஒரு நாடு வெளிநாட்டுப் போர் விமானத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று கிள்ளானில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் விமானப் பராமரிப்புப் பொறியாளர். தலைப்பு தண்ணீர் பட்ட பாடு.

கூப்பிட்ட தேவிகா அக்கா மாதம் ஒருமுறை அறிவியல் கூட்டம் நடத்துகிறவர். போனிலேயே எச்சரித்தார்: "ஹால் மாணிக்கம் அங்கிளோடது தம்பி, சும்மாதான் தர்றாரு. போன ரெண்டு கூட்டத்துல அவரோட லோரி டிரைவருங்க குறட்டை விட்டுட்டாங்க. இந்தத் தடவையும் தூங்குனா ஹாலை ஸ்டோர் ஆக்கிடுவேன்னுட்டாரு."

கே.எல். சென்ட்ரலில் 8.25 கொம்யூட்டர் ரயில். கிள்ளானுக்கு ஒரு மணி ஐந்து நிமிடம். ஒன்றை விட்டால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பெட்டிக்குள் குளிர் கொல்லும், ஸ்வெட்டர் அவசியம். ஸ்டேஷனிலிருந்து ஹாலுக்கு ஏழு நிமிட நடை. வழியில் தோசை, நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ.

சரியாகப் பத்துக்கு ஆரம்பித்தேன். ஐந்தாவது ஸ்லைடு, விமானங்களுக்கு மதிப்பெண் போடும் அட்டவணை. ஆறாவது, உச்ச வேகம். இரண்டு தலைகள் சாய்ந்துவிட்டன. கடைசி வரிசையில் மாணிக்கம் அங்கிள் தூங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

முன் வரிசையிலிருந்து டிரைவர் ரவி அண்ணன் கை தூக்கினார். "தம்பி, ஸ்பேர் பார்ட் எங்கேருந்து வரும்?"

"ஸ்லைடு 31ல வருது, அண்ணே."

"அதுவரைக்கும் யாரு முழிச்சிருப்பா லா?"

ஹாலே சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. மடிக்கணினியை மூடினேன். "சரி, நீங்க லோரி எப்படி வாங்குவீங்க? சொல்லுங்க!"

"வேகத்தப் பாத்தா வாங்குவோம்?" என்றார் ரவி அண்ணன். "ரிப்பேருக்குப் போனா எத்தனை நாள் நிக்கும், அதச் சொல்லு."

"ரெண்டு பிராண்டு வச்சா ரெண்டு மெக்கானிக், ரெண்டு ஸ்டோர்," என்று பின்னாலிருந்து அங்கிள் கத்தினார். நம் நாட்டிடம் அமெரிக்க விமானமும் உண்டு, ரஷ்ய விமானமும் உண்டு. விளக்கமே தேவைப்படவில்லை.

"வித்தவன் நாளைக்கு மொறைச்சிக்கிட்டா?" என்றார் இன்னொருவர். அதுதான் விஷயமே. உதிரிபாகம் நின்றால் விமானம் வெறும் காட்சிப்பொருள். இன்னொரு நாட்டிடம் பழையது வாங்கினாலும், அதைச் செய்த நாடு சம்மதிக்க வேண்டும்.

"காசு இல்லன்னா பாமாயில் குடுக்கலாமா, பாஸ்?"

"சிரிக்காதீங்க. ஒரு தடவை விலையில ஒரு பகுதியை அப்படித்தான் குடுத்தோம்."

பழையதா, புதியதா என்று வாக்கெடுப்பு வைத்தேன். மணி 12.15 ஆகியும் முடிவு வரவில்லை. பாதிப் பேர் எழுந்து நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அங்கிள் முன்னால் வந்தார். "ஒருத்தனும் தூங்கல. நானே தூங்கல. ஹாலை வச்சிக்கங்க. ஆனா ஒண்ணு, எனக்கு மூணு லோரி கொட்டேஷன் வந்து ஆறு மாசமாச்சு. அந்த மார்க் போடுற அட்டவணைய எனக்கும் போட்டுக் குடு." காலையிலிருந்து கதவோரம் நின்றிருந்த தேவிகா அக்கா அப்போதுதான் உட்கார்ந்தார்.

திரும்பும் ரயிலில் அந்த அட்டவணையைத் திறந்தேன். வேகத்துக்கு 30 மதிப்பெண், பராமரிப்புக்கு 5. போட்டது நான். பிழைப்பே பராமரிப்பு! வேறு யாராவது போட்டிருந்தால் கிழித்திருப்பேன்.

கிள்ளானில் பேசப் போகிறவர்களுக்கு ஒரே யோசனை: கேள்வி நேரத்தை முதலில் வையுங்கள். நான் இனிச் செய்யப்போவது:

1. பராமரிப்புக்கு 30. வேகத்துக்கு மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.
2. "விற்பவர் முறைத்துக்கொண்டால்" என்று புதிய வரிசை.
3. அடுத்த சனி காலை 9 மணி, அங்கிளின் லோரி யார்டு.
4. அங்கே முதல் மதிப்பெண்ணை ரவி அண்ணன் போடுவார். நான் ஐந்து நிமிடம் வாயைத் திறக்க மாட்டேன். சரி, மூன்று நிமிடம்.