குழாயில் கட்டிய சிவப்புத் தோல்

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி பத்து நிமிடம். அந்த நேரத்தை நான் குறித்து வைக்கவில்லை, கைபேசி குறித்து வைத்திருக்கிறது. ஆம்பூரிலிருந்து, என் மகள் நிவேதாவோடு வேலை பார்க்கும் தோழி கூப்பிட்டாள். "அங்கிள், பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தாள். பெண்ணைப் பெற்றவனிடம் எப்படியும் ஆரம்பிக்கலாம், அப்படி மட்டும் ஆரம்பிக்கக் கூடாது.

"நிவேதா சுடுதண்ணி மெஷின்ல தண்ணி புடிச்சுக் குடிச்சா அங்கிள். தொண்டை எரியுதுன்றா. பேச்சே வரல. கார்ல வேலூருக்குத்தான் கூட்டிட்டு வர்றோம்."

சூடு ஜாஸ்தியாக இருந்ததா என்று கேட்டேன். "சூடு இல்ல அங்கிள். அதுல என்னமோ இருந்துச்சு" என்றாள்.

இது நடந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் அலுவலக வராண்டாவில் புதிதாக வந்து நிற்கும் ஒரு மெஷின். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் சுடுதண்ணீர், நீலத்தை அமுக்கினால் குளிர்ந்த தண்ணீர். எல்லாரும் டீத்தூள் பையை நூலில் தொங்கவிட்டுக்கொண்டு அதன் முன்னால் நிற்கிறார்கள். நான் மாடியிறங்கி, சாலையைக் கடந்து, டீக்கடையில் குடித்துவிட்டு வருகிறேன். "இன்னா சார், சும்மா குடுத்தா எறங்காதா?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்கிறார். சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லிக் குடிக்கத்தான் கடைக்குப் போகிறேன் என்று ஏதோ உளறினேன். அந்த மெஷினில் சர்க்கரையே கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு அவர்களுக்கு முன்பே நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். கார் வந்து நின்றது. நிவேதா துண்டை வாயில் பொத்திக்கொண்டு இறங்கினாள். வலது கையை இறுக்கி மூடியிருந்தாள். வலியில் மூடியிருக்கிறாள் என்று நினைத்து விரித்துப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புத் தோல் துண்டு. ஒரு முனையில் ஓட்டை போட்டு, மெழுகு நூல் கோத்து, இரட்டை முடிச்சு.

அவளால் பேச முடியவில்லை. கைபேசியில் எழுதிக் காட்டினாள். "கொழாய்ல தொங்குச்சுப்பா. கலர் நல்லா இருந்துச்சு. எடுத்துட்டேன்."

டாக்டரம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். உள்ளே போனது என்ன? தோழி கைகளைப் பிசைந்தாள். "கிளீன் பண்றதுக்கு யாரோ ஊத்தி வெச்சிருக்காங்க மேடம். இன்னான்னு கேக்கலாம்னா எல்லாரும் தொழுகைக்குப் போய்ட்டாங்க. போனும் ஆஃப்ல இருக்கு."

நான் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "ஃபார்மிக் ஆசிட். தண்ணீர் நிறையக் கலந்தது" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முடிச்சைத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் நானும் முன்பு வேலை பார்த்தவன் என்று மட்டும் சொன்னேன். தொண்டைக்குள் குழாய்க் கேமராவை விட்டுப் பார்க்க அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். "மேலாக வெந்திருந்தால் ஆறிவிடும். ஆழமாக இறங்கியிருந்தால் சாப்பாடு இறங்குகிற வழியே சுருங்கும். பார்க்காமல் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே நாற்காலி வரிசை. எதிரே பார்த்தால், அங்கேயும் ஒரு சுடுதண்ணீர் மெஷின். அதைப் பார்த்தபடிதான் மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

என் முதல் வேலை ஆம்பூரில்தான், தோல் பதனிடும் டேனரியும் ஷூ கம்பெனியும் ஒட்டியிருந்த ஓர் இடத்தில், ஏற்றுமதி ஆபீஸில் உதவியாளனாக. வேலூரைத் தாண்டி அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து பஸ் மாறிப் போவேன். ஆம்பூர் வந்துவிட்டது என்று கண்டக்டர் கத்த வேண்டாம், மூக்கே எழுப்பிவிடும். முதல் வாரம் கைக்குட்டையோடு அலைந்தேன். பிறகு அந்த நாற்றம் எங்கே போனது என்று தெரியவில்லை. மூக்கு கைவிட்டுவிட்டது. வீட்டில் மட்டும் என் சட்டையைத் தனியாகத் துவைத்தார்கள்.

தோல் வாங்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். ஒருமுறை வந்தவர் எங்கள் ஏலக்காய் டீயைத் தொடாமல், சுடுதண்ணீர் மட்டும் கேட்டு வாங்கி, பையிலிருந்து தன் டீயை எடுத்து முக்கிக் குடித்தார். "வெறும் தண்ணி குடிக்கறதுக்கா பிளேன் ஏறி வந்தான்?" என்றார் கலீம் பாய். டேனரி லேபில் சாயத்துக்கு மருந்து கலக்குகிறவர். அவருடைய விரல் நகங்கள் மஞ்சளாக இருக்கும். மூக்கு மட்டும் எங்களைப் போல மரத்துப் போகவில்லை. எந்த டிரம்மில் எது ஊறுகிறது என்று வாசலிலிருந்தே சொல்வார்.

அடுத்த மாதமே முதலாளி சென்னையிலிருந்து ஒரு மெஷின் வாங்கி வந்தார். குடம் அளவுக்கு எவர்சில்வர் உடம்பு, கறுப்புக் குழாய், பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள், அதற்கு நாங்கள் முதலில் ஊற்றியது பால். பால் கொதிக்காமல் டீ எப்படி வரும்? மேனேஜரே நின்று ஊற்றச் சொன்னார். கால் மணி நேரத்தில் அறையெங்கும் தீய்ந்த வாடை. தோல் நாற்றத்துக்கு அசராத ஆபீஸ், அன்றைக்கு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தெருவில் நின்றது. உள்ளே ஒட்டிய பாலாடையைச் சுரண்டி எடுத்த வேலை, ஆபீஸிலேயே இளையவன் என்பதால், எனக்கு வந்தது. பி.காம். படித்தது வீண் போகவில்லை.

பால் நின்றது. பிறகு ஊற்றிய தண்ணீரால் வேறொரு வம்பு வந்தது. எங்கள் பக்கத்துத் தண்ணீர் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு இரண்டு குடம், ஒன்றில் நல்ல தண்ணி, ஒன்றில் உப்புத் தண்ணி. நல்ல தண்ணி வராத நாளில் போர்வெல்லிலிருந்து பிடித்து ஊற்றிவிடுவார்கள். மெஷினுக்குள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை படியும். டீயில் கிளிஞ்சல் மாதிரி செதில் மிதக்கும். சுரண்டினாலும் போகாது. கலீம் பாய்தான் வந்தார். சாயம் பிடிக்கத் தோலுக்கு ஊற்றுகிற ஃபார்மிக் ஆசிட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, மெஷினில் ஊற்றிச் சூடாக்கி, ஊறவிட்டார். எறும்பை நசுக்கினால் வருமே, அந்த நெடி. "தோலுக்கு ஊத்தறத இதுக்கு ஊத்தினா இன்னா தம்பி? இதுவும் ஒரு தோல்தான், கொஞ்சம் தடிப்புத் தோல்" என்றார். போகும்போது குழாயில் ஒரு சிவப்புத் தோல் துண்டைக் கட்டிவிட்டுப் போனார்.

அந்தச் சிவப்பைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அங்கே உருது பேசுகிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள், எல்லைப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். பாதிப் பேர் எழுத்துப் படிக்காதவர்கள். எழுதி ஒட்டினால் எந்த மொழியில் ஒட்டுவது? அதனால் சிவப்பு. கழித்துப் போட்ட தோல் கட்டுகளில் சிவப்பு தொங்கும். பழுதான சுவிட்சில் தொங்கும். ஆள் உள்ளே இறங்கிக் கழுவுகிற டிரம்மில் தொங்கும். சிவப்பைப் பார்த்தால் கை தானாகப் பின்னால் போகும். பெண்கள் பகுதியில் ஒருநாள் சூப்பர்வைசர் சிவப்புச் சட்டையில் வந்துவிட்டார். "அய்யோ, யாரும் கிட்ட போவாதீங்கடி, ரிஜக்ட் மாலு" என்று ஒரு குரல் வந்தது. அவர் அந்தச் சட்டையைப் பிறகு போடவே இல்லை. என் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தபோது கலீம் பாய் ஜேபியிலிருந்து ஒரு சிவப்புத் துண்டை எடுத்தார். "இத்த கழுத்துல கட்டிக்கோ தோஸ்த். இன்னும் டைம் இருக்கு, தப்பிச்சுக்கலாம்."

மெஷினை அவர் சுத்தம் செய்வது வெள்ளிக்கிழமை மதியத்தில்தான். ஜும்மா தொழுகைக்காக எல்லா மெஷினும் நிற்கும். தொழப் போகிறவர்கள் போவார்கள். மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவோடு வேப்பமரத்தடிக்குப் போவார்கள். அந்த ஒரு மணி நேரம் ஆபீஸில் யாரும் டீ குடிப்பதில்லை. கேட்பதுமில்லை. பாய் ஆசிட்டை ஊற்றி, சிவப்பைக் கட்டிவிட்டு மசூதிக்குப் போவார். திரும்பி வந்து கொட்டி, மூன்று முறை அலசி, முதல் தம்ளரைத் தானே குடித்துக் காட்டிவிட்டுத் துண்டை அவிழ்ப்பார். அவர் மட்டும்தான் அவிழ்ப்பார்.

நான் வேலூரில் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். காலுறை, கையுறை, தலைக்கவசம் என்று நிவேதாவுக்கு எதிலும் ஆபத்து பார்க்கிறவன் நான். ஸ்கூட்டர் வேண்டாம் என்று பஸ்ஸில் அனுப்பினேன். லாங் பஜாருக்குத் தனியாகப் போனால் இரண்டு தடவை போன் செய்வேன். ஷூ டிசைன் படித்து அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நிம்மதி. தெரிந்த இடம். உள்ளே போய்ப் பார்த்தபோது எதுவும் தெரிந்த மாதிரி இல்லை. கண்ணாடி அறை, ஏ.சி., சுவரெல்லாம் ஆங்கிலத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட அறிவிப்புகள். அவள் அறையில் பார்த்த இடமெல்லாம் தோல் துண்டுகள் தொங்கின. ஜன்னலில், விளக்கில், நாற்காலியின் முதுகில். கலர் பார்க்கத்தான். ஓய்வு வயசு தாண்டியும் கலீம் பாயை மட்டும் லேபில் வைத்திருந்தார்கள். அவர் கை கலக்கினால்தான் சாயம் நிற்கும் என்றார்கள். வெள்ளிக்கிழமை மெஷின் கழுவுகிற வேலையும் அவரிடமே இருந்தது.

அந்த சீசன் கலர் சிவப்பு. நிவேதா பல நாளாக ஒரு சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு ஜலதோஷம், மூக்கு அடைப்பு. மரத்தடிக்குப் போகாமல் தனியாக அறையில் இருந்தாள். தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று கோப்பையோடு மெஷினுக்குப் போனாள். குழாயில் அவள் தேடிய சிவப்பு.

அணைக்கட்டில் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தாள். நடந்ததைச் சொன்னேன். அழவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே இருந்த மெஷினையே பார்த்தாள்.

"சளி புடிச்சிருக்கு, சுடுதண்ணியா குடிடின்னு காலைல நான்தாங்க சொல்லி அனுப்புனேன்."

கோபத்தை யார்மேல் வைப்பது என்று மனசு அலைந்துகொண்டிருந்தது. குடிக்கிற பாத்திரத்தில் ஆசிட்டை ஊற்றிவிட்டுப் போன கிழவர் மேல் கடைசியில் இறக்கிவைத்தேன். வரட்டும், கேட்கிறேன் என்று வார்த்தைகளை எடுத்து அடுக்கினேன். நாலு மணிக்குமேல் கதவு திறந்தது.

"ஒரே மடக்குதான் போயிருக்கு. அதனால தப்பிச்சாங்க. மேலாகத்தான் வெந்திருக்கு. சில நாள் ஜில்லுன்னு கஞ்சி, மோர் மட்டும் குடுங்க. குரல் வந்துடும்" என்றார் டாக்டரம்மா. "நீங்க என்ன ஆசிட்னு சொன்னது உதவியா இருந்துச்சு."

என் மனைவி அப்போதுதான் அழுதாள். நான் உள்ளே போனேன். நிவேதா கண்மூடிப் படுத்திருந்தாள். தோல் துண்டு இன்னும் என் சட்டைப் பையில் இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு வாசலில் யாரோ தயங்கி நிற்பது தெரிந்தது. தலையில் தொழுகைத் தொப்பி, லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல், கலீம் பாய். தாடி முழுக்க வெள்ளை. உள்ளே வரவில்லை. கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாப்பா எப்டி இருக்கு தம்பி?"

"பொழச்சுட்டா பாய்."

"யா அல்லா" என்று கதவைப் பிடித்துக்கொண்டார். "செவப்பு கட்டிட்டுத்தான் தம்பி போனேன். வந்து பாத்தா காணல. செவப்ப யாரு அவுப்பாங்க?"

அடுக்கி வைத்த வார்த்தைகளை விட்டுவிட்டு, தோல் துண்டைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"கலர் நல்லா இருந்துச்சாம் பாய்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் முடிச்சைப் பெருவிரலால் தடவினார். பிறகு மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இனிமே எழுதி ஒட்டிடறேன். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. நீ ஒரு பேப்பர்ல எழுதிக் குடு தம்பி. கொஞ்சம் பெருசா எழுது."