அக்கா மைக்கைக் கீழே வைத்த நாள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டாகிறது. அடக்கத்தன்று மழையில் வந்து நின்ற உங்களில் பலரிடம் நாங்கள் நின்று நாலு வார்த்தை பேசவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தச் சிறு நினைவு மலர். அக்காவைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. போதகரை மேடையிலேயே அவமதித்தவர் என்கிறார்கள் சிலர். ஒரு லயத்து ஜனங்களையே காப்பாற்றியவர் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டையும் நான் முழுதாக நம்பவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், அக்கா மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையிலும் அம்மா கொழுந்து மலையிலும் வேலை செய்தார்கள். அப்பா காய்ச்சலில் சீக்கிரமே போய்விட்டார். அம்மா விடிவதற்குள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிவிட, எனக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்து, தலை வாரி, பள்ளிக்கு இழுத்துப் போனவர் அக்காதான். பிறகு பதுளையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அவர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டே உயர்தரம் படித்தார். ஆங்கில ஆசிரியையாகி எங்கள் தோட்டப் பாடசாலைக்கே திரும்பி வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் "நேரம் கிடைக்கலைங்க" என்று சிரிப்பார்.

அக்காவின் குரல் உங்களுக்கு நினைவிருக்கும். உரக்கப் பேசமாட்டார். ஆனால் அவர் பேசத் தொடங்கினால் வகுப்பின் கடைசி வரிசையும் அடங்கிவிடும். அந்தக் குரலுக்காகத்தான் பதுளைப் பக்கத்து ஜெபக் கூட்டங்களுக்கு அவரை மொழிபெயர்ப்பாளராக அழைத்தார்கள். போதகர் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்வார், அக்கா அதைத் தமிழில் சொல்வார். ஜனங்கள் விம்மி விம்மி அழுவார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஒன்றும் பேசமாட்டார்.

ஒருநாள் நானே கேட்டேன். "ஏங்க்கா, நல்லாத்தானே பேசினீங்க?"

"அதுதான் தங்கச்சி பயமா இருக்கு. அவர் பேசுற இங்கிலீஷ் அவங்களுக்குத் தெரியாது. என் குரலுக்குத்தான் அழுவுறாங்க. வர்ற வழியில பண்டாரவளைகிட்ட வேன் பஞ்சரான கதையச் சொன்னார்ல, அதையும் நான் அதே குரல்ல சொல்லிட்டேன். அதுக்கும் ஒரு அம்மா கண்ணத் தொடைச்சாங்க."

அக்கா விசுவாசி. ஒரு ஞாயிறுகூட ஆலயத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு நல்ல பேச்சு எதைக் கேட்டாலும், பேசுகிறவர் தன்னை எங்கே கூட்டிப் போகிறார் என்றுதான் முதலில் பார்த்தார்.

பிறகு அந்த அடைமழைக் காலம் வந்தது. மேல் லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் நிலம் நீளமாக வெடித்திருந்தது. மீரியபெத்தை மண்சரிவில் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் தோட்டத்திலும் இருக்கிறார்கள், அதனால் வெடிப்பு என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, மழை விடும்வரை மேல் லயத்தார் பாடசாலை மண்டபத்தில் தங்கவேண்டும் என்றார்கள். யாருக்கும் மனமில்லை. ஆடு மாட்டை யார் பார்ப்பது, வீட்டுச் சாமானை யார் காப்பது, முன்பு ஒருமுறை போய் மண்டபத் தரையில் கிடந்து சீரழிந்தது போதாதா என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு போதகர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மாலைக் கூட்டத்துக்குச் சபையார் மட்டுமல்ல, கோயிலுக்குப் போகிறவர்களும் வந்திருந்தார்கள். பயந்துபோன ஜனம் ஆறுதலான ஒரு வார்த்தைக்காக வந்தது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தன் குடையை ஒரு வயதான அம்மாவிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வந்ததை நானே பார்த்தேன். ஆனால் அவருடைய பேச்சு ஏறிக்கொண்டே போனது. அக்காவின் தமிழும் கூடவே ஏறியது. கூரைத் தகரத்தில் விழுந்த மழைச் சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை.

அப்போது அவர் ஒரு வரி சொன்னார். அக்கா அதைத் தமிழில் சொல்லவில்லை.

காதில் விழவில்லை என்று நினைத்து அவர் மறுபடியும் சொன்னார். மேலே இருக்கும் வெடிப்பைப் பார்த்தீர்களா என்று அக்கா ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். அவர் புன்னகைத்து, "சொல்லுங்கள் சகோதரி" என்பதுபோல் கையைக் காட்டினார்.

அக்கா ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார். வகுப்பில் வரவு கூப்பிடுகிற குரலில் சொன்னார். "விசுவாசம் உள்ளவங்க யாரும் வீட்ட விட்டுப் போகத் தேவையில்ல, இந்த மலை உங்களத் தொடாதுன்னு பாஸ்டர் சொல்றார். அவர் சொன்னதச் சொல்லிட்டேன். இதுக்கு மேல என் குரலக் குடுக்க மாட்டேன்." மைக்கைக் கீழே வைத்தார்.

பெருங்கூச்சல் எழுந்தது. மேல் லயத்துப் பாக்கியம் அத்தை எழுந்து முன்னால் வந்தார். "கூட்டத்தக் கலைச்சிட்டியே டீச்சர்! ஒனக்குத் தெரிஞ்சது கடவுளுக்குத் தெரியாதா?"

"தெரியும் அத்தை. அதனாலதான் வெடிப்ப நம்ம கண்ணுல காட்டியிருக்கார்."

சொன்ன உடனேயே அக்கா என் பக்கம் குனிந்து, "பாரு, நானும் பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சிட்டேன்" என்றார். அவர் முகத்தில் தன் மீதே உண்மையான வெறுப்பு இருந்தது.

மேல் லயத்து இளைஞன் ஒருவன் கத்தினான். "நாங்க போகவா, இருக்கவா? நீங்க சொல்லுங்க டீச்சர், நீங்க சொன்னா கேக்குறோம்!"

"நான் சொன்னேன்னு கேக்காதீங்க. அவர் சொன்னார்னும் கேக்காதீங்க. இன்னும் வெளிச்சம் இருக்கு. வாங்க, போய்ப் பாப்போம்."

பாதிப் பேர் அக்காவோடு மழையில் ஏறினோம். பாதிப் பேர் போதகரோடு இருந்து பாடினார்கள். வெடிப்பின் ஓரத்தில் நின்று ஒவ்வொருவராகக் கையை விட்டுப் பார்த்தார்கள். அக்கா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பார்த்தவர்கள் இறங்கி வந்து பாயைச் சுருட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்கள். பாக்கியம் அத்தையும் வேறு சில குடும்பங்களும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

மலை விழவில்லை. சில நாட்களில் மழை விட்டது. ஜெபம்தான் மலையைப் பிடித்து நிறுத்தியது என்ற கதை தோட்டம் தோட்டமாகப் பரவியது. அக்காவை யாரும் கூட்டங்களுக்கு அழைக்கவில்லை. பாக்கியம் அத்தை முகம் கொடுத்துப் பேசவில்லை. சாமிக்கு எதிராகப் பேசுகிற டீச்சர் என்று பாடசாலைக்கும் முறைப்பாடு போனது. நான் கோபப்பட்டபோது அக்கா கேட்டார். "மலை விழலையேன்னு நான் வருத்தப்படணுமா, தங்கச்சி?"

மேல் லயத்தாரைக் கூட்டிக்கொண்டு அவர் வீடு கேட்டுப் பதுளையில் அரசாங்கக் கந்தோர்களுக்கு ஏறி இறங்கியது உங்களில் பலருக்குத் தெரியும். பல வருட அலைச்சலுக்குப் பிறகு அவர்களுக்குக் கீழே வீடுகள் கிடைத்தன. பாக்கியம் அத்தைக்கும் கிடைத்தது. மேல் லயம் இன்று பாழடைந்து கிடக்கிறது. மலை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. யார் சொன்னது சரி என்று அந்த மலை யாருக்கும் சொல்லவில்லை.

பிறகு புற்றுநோய் வந்தது. அக்கா வலியைக் காட்டிக்கொள்ளமாட்டார். கடைசி மாதங்களில் பாக்கியம் அத்தை கஞ்சித் தூக்கோடு வரத் தொடங்கினார். அந்தக் கூட்டத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. ஆட்டுக்குட்டிகளைப் பற்றிப் பேசினார்கள்.

ஒரு மத்தியானம் அக்கா என்னிடம் சொன்னார். "என்னய அடக்கம் பண்றப்ப ஜெபம் பண்ணுங்க, பாட்டுப் பாடுங்க. பிரசங்கம் மட்டும் வேணாம். செத்தவள முன்னால வச்சுக்கிட்டு உசுரோட இருக்கிறவங்கள மடக்கக் கூடாது."

அடக்கத்தன்று அந்தப் போதகர் வந்தார். தலை நரைத்திருந்தது. இரண்டு நிமிடம் பேசலாமா என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றேன். வெடிப்பைப் பார்த்தீர்களா என்று உங்கள் அக்கா கேட்ட கேள்விக்குப் பிறகு, எந்த ஊரிலும் யாரையும் வீட்டிலேயே இருங்கள் என்று நான் சொன்னதில்லை என்றார். மெதுவான, அழகான குரல். என் கண் கலங்கியது. கலங்கிய உடனேயே சந்தேகமும் வந்தது. அவர் மீதும், என் மீதும். நான் நாற்காலியைக் காட்டினேன்.

அக்காவைக் கவனித்த பதுளை வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், பெட்டியைச் சுமந்த மேல் லயத்துப் பிள்ளைகளுக்கும், சமையலைப் பொறுப்பெடுத்த பாக்கியம் அத்தைக்கும், தூரத்திலிருந்து வந்த உறவுகளுக்கும், அக்காவின் மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் போதகருக்கும் நன்றி. அவர் சொன்னதை நம்புவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஆனால் குழி மூடும்வரை கடைசி வரிசையில் நனைந்துகொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் உட்கார்ந்திருந்தார். அதை நான் நம்புகிறேன்.

தங்கை