எல்லாருக்கும் இருபது

திரைக்கு அப்பால் ஒரு மூச்சு. இழுத்து, கொஞ்சம் தயங்கி, விடுகிறது. விளக்கு இன்னும் போடவில்லை. கட்டில் மூன்றில் இருப்பவரின் முகம் தெரியாது, மூச்சு மட்டும் கேட்கிறது. தாதி வேலையில் ஆளைக் காணமுதல் மூச்சைத்தான் சந்திக்கிறோம். அதை ஒழுங்காக எண்ணுகிறோமா என்று கேட்டால், இரவு டியூட்டி செய்கிற நீங்களும் என்னைப்போல வேறு பக்கம் பார்ப்பீர்கள்.

வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி எங்கள் ஆஸ்பத்திரி, சின்னது, தனியார். என் மேசையில் சுயமதிப்பீட்டுப் படிவம் கிடக்கிறது. ஒவ்வொரு திறமைக்கும் நாமே ஐந்துக்கு இத்தனை என்று புள்ளி போடவேண்டும். இந்த வருடம் புதிதாக ஒரு நிபந்தனை: டிப்ளோமா இல்லாதவர்கள் எதிலாவது மூன்றுக்குக் குறைத்துப் போட்டால் வார்டு இல்லை, கீழே பதிவு மேசைதான். டிப்ளோமா இல்லாதவள் இங்கே நான் ஒருத்தி. எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். ஒரு வரி மட்டும் பாக்கி: ‘ஒவ்வொரு முறையும் மூச்சை முழு நிமிடம் எண்ணுகிறேன்.’

காவல்

நான் வார்டைக் கூட்டித் துடைக்க வந்தவள். புறக்கோட்டை நடைபாதையில் அட்டை கிழிந்த தாதியர் புத்தகம் ஒன்றை வாங்கி, கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் பஸ்ஸில் மடியில் அகராதியையும் வைத்துக்கொண்டு படித்தேன். மூச்சை எண்ணுவதை நோயாளிக்குச் சொல்லக்கூடாது, சொன்னால் மூச்சு மாறிவிடும், நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார் என்றது புத்தகம். அந்த ரகசியம் எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

கடைசியில் சார்ட் எழுத விட்டார்கள். முதல் இரவே ஒவ்வொரு கட்டிலிலும் முழு நிமிடம் நின்றேன். தன் பக்கத்தை முடித்துவிட்டுத் தேத்தண்ணியும் குடித்து முடித்த, கிராண்ட்பாஸிலிருந்து வேலைக்கு வரும் தாதி பரீனா வந்து என்னைப் பார்த்தாள். “என்ன புள்ள, ஒவ்வொரு கட்டிலுக்கும் காவல் நிக்கிறீங்க? காய்ச்சலப் பாருங்க, பிரஷரப் பாருங்க, மூச்சுக்கு இருவதப் போடுங்க. உசிரோட இருக்கிற எல்லாருக்கும் இருவதுதான்.”

இல்லாத மெஷின்

ஒரு கிழமையில் நானும் இருபதுக்காரியானேன். அடுத்த வருடம் முதலாவது சுயமதிப்பீட்டுப் படிவம் வந்தது. துணி அடுக்குகிற அறையில், பாமன்கடையில் வாங்கிய மீன் பணிஸைப் பிய்த்துத் தின்றபடி, நானும் பரீனாவும் மேலிருந்து கீழே ஐந்து ஐந்தாகப் போட்டுக்கொண்டு போனோம். அவ்வளவு கெட்டிக்காரிகள் இரண்டு பேர் அந்த அறைக்குள் அதற்குப் பிறகு இருந்ததில்லை.

மறுநாள் மேட்ரன் இரண்டு படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஏதோ ஒரு மெஷினை இயக்கத் தெரியும் என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். “இந்த மெஷின் எங்களிட்ட இல்லையே, பிள்ளையள். வாங்கினால் எனக்கும் பழக்குவியள் என்ன?”

கட்டில் ஏழு

செல்வராசா ஐயா ஓய்வுபெற்ற ரயில் கார்ட். காய்ச்சலென்று வந்து படுத்திருந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றமாட்டேன் என்று பிடிவாதம். ஒரு பின்னேரம் நான் இருபது எழுதிவிட்டுத் திரும்ப, சார்ட்டைக் காட்டச் சொன்னார். “பிள்ளை, நீர் என்ர கையைப் பிடிச்சது கால் நிமிசம். அதுவும் யன்னலைப் பார்த்துக்கொண்டு. இந்த இருபது ஆற்றை மூச்சு?”

திரும்பிவந்து நின்று எண்ணினேன். முப்பத்திநாலு. இன்னொரு முறை எண்ணினேன். குறையவில்லை. டொக்டர் ஓடிவந்தார், நெஞ்சில் சளி கட்டியிருந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். ஐயா பிழைத்தார். அதை என் கெட்டித்தனத்தில் சேர்க்கமுடியாது. தள்ளுவண்டி வந்தபோதுகூட நான் அந்த இருபதைப் பேனையால் கிறுக்கிக் கிறுக்கி மறைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கியபடியே அவர் கையைக் காட்டித் தடுத்தார். “பழசை மறைக்காதேயும் பிள்ளை. வாசிக்கக்கூடியதா ஒரு கோடு போட்டு, பக்கத்தில சரியானதை எழுதும். ரயில் பிந்தினால் நாங்களும் அப்பிடித்தான்.”

பஸ் வகுப்பு

அதன் பிறகு நான் எண்ணத் தொடங்கினேன். பரீனாவும் தொடங்கினாள், ஏன் என்று இரண்டு பேரும் கதைத்துக்கொள்ளவில்லை. டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் பஸ்தான் வகுப்பறை. நித்திரை கொள்கிற ஆட்களைப் பங்குபோட்டு எண்ணி, கணக்கை ஒப்பிடுவோம். கோட்டை வருவதற்குள் ஆறு பேர் முடிந்துவிடும். டிப்ளோமாக்காரர்கள் எங்கே படித்தார்களோ தெரியாது, நான் படித்தது அந்த யன்னலோரத்தில்.

ஒருநாள் முன் சீட்டு மனிதர் திடீரென்று கண்ணைத் திறந்து, “மொகத நங்கி பலன்னே?” என்றார். என்ன பார்க்கிறாய் என்று கேட்ட குரலில் நல்ல சூடு. பரீனா சிங்களத்திலேயே, நாங்கள் நேர்ஸ்மார், உங்களுக்கு நிமிடத்துக்குப் பதினாலு, மிக நல்ல மூச்சு என்று விளக்கினாள். அவர் எங்கள் இரண்டு பேரின் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: “சரி மிஸ், அப்ப நான் மிச்சத்தையும் நித்திரை கொள்ளட்டா?”

வெளிநாட்டு அழைப்பு

பரீனா இப்போது டோஹாவில். இங்கே பொருளாதார நெருக்கடி வந்த காலத்தில் போனவர்களில் அவளும் ஒருத்தி. யன்னலோரச் சீட்டு கிடைத்தாலும் இப்போது நான் தனியாக எண்ணுவதில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். அவள் மாதத்துக்கு ஒருமுறை கதைப்பாள், புதிதாகப் படித்ததையெல்லாம் ஒப்பிப்பாள். போன முறை சொன்னாள்: “இங்க மூச்ச மெஷினே எண்ணுது. ஆனா நான் பழக்கத்துல நின்டு பாக்குறேன், எல்லாரும் என்னய ஒரு மாதிரிப் பாக்குறாங்க.”

இரண்டு

இனி அந்த வரி. பத்துக் கட்டிலும் நிறைந்த இரவில், இரண்டு கட்டிலின் அழைப்பு மணி ஒன்றாக அடித்தால், நான் அரை நிமிடம் எண்ணி இரட்டிக்கிறேன். அதற்கும் நேரமில்லாத இரவுகள் உண்டு. ‘ஒவ்வொரு முறையும்’ என்று கேட்கிறார்கள். மூன்று போட்டால் ஒருவருக்கும் தெரியவராது. மூன்று என்றே எழுதினேன். பிறகு அதில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் இரண்டு என்று எழுதினேன்.

ஆறு மணிக்கு முன்பே மேட்ரன் வந்துவிட்டார். அதே மேட்ரன்தான், மூக்குக்கண்ணாடி மட்டும் தடித்துவிட்டது.

“மற்ற எல்லாரும் அஞ்சு. நீர் ரெண்டு. இதை மேல அனுப்பினால் உம்மைக் கீழ இறக்குவினம், தெரியும்தானே?”

“தெரியும், மிஸ்.”

“தெரிஞ்சுமோ?”

நான் பேனையை மேசையில் வைத்தேன். அவர் என் படிவத்தில் கோடு போட்ட மூன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பைலைத் திறந்து, தான் நிரப்பிய படிவத்தை வெளியே எடுத்தார். “உந்தப் பேனையை ஒருக்காத் தாரும். நானும் அந்த வரிக்கு அஞ்சுதான் போட்டு வைச்சிருக்கிறன். டிப்ளோமா இருந்தென்ன, இறக்கிறதெண்டால் ரெண்டு பேரையும் சேர்த்து இறக்கட்டும், பாப்பம்.”

பதிவு மேசையா வார்டா என்பது அடுத்த கிழமைதான் தெரியும். இத்தனை வருடம் ஓடியோடிப் படித்து நான் தேறியது ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்பதற்கு, அதிலும் ஐந்துக்கு இரண்டு. கட்டில் மூன்றின் ஆறு மணிக் கணக்கு இன்னும் எழுதவில்லை. திரையை விலக்கி, நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு, சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தைத் திருப்பி எண்ணத் தொடங்கினேன்.