கத்தரிக்கோலைக் கீழே வைத்தவர்

1951 ஜனவரி 9: திருமுழுக்கு.
1974 மே 20: திருமணம்.
1976 ஆகஸ்ட் 2: தையல் மிஷின் வாங்கியது, 640 ரூபாய்.
1989 நவம்பர் 14, செவ்வாய், மாலை 4.10: மரணம். வயது 38.
1990 டிசம்பர் 31 வரை சிலைக்கு வசூல்: 18,415 ரூபாய்.

இவற்றையெல்லாம் ஒரே தாளில் தொகுத்து எழுதியவர், இறந்துபோன தையற்காரரின் மைத்துனரான கோயில் கணக்கர். அவர் எழுத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது. அதனால்தான் ஆயர் (பிஷப்) இல்லம் அவரிடமே கேட்டது: இவர் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மறைசாட்சியா, அல்லது சண்டையில் இறந்த வீரரா? நேரில் கண்டவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பவும்.

தையற்காரருக்குப் பல்லி என்றால் பயம், ஏணி என்றால் பயம். தெருவே அவரைத் தொடைநடுங்கி என்றுதான் கூப்பிடும். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "தொடை நடுங்குறதாலதான் மிஷின் மிதிக்க சுலபமா இருக்கு" என்பார்.

கண்டவர் பக்கத்து அறை இஸ்திரிக்காரம்மா ஒருவர்தான்.

"கலவரத்தன்னைக்கு மூணு பேர் வந்தாங்க. சுவத்துல இருக்கிற சிலுவைய எடுத்து மிதி, விட்டுடுறோம்னாங்க. பின்கதவு வேற தொறந்து கிடக்கு. இவரு வெடவெடன்னு நடுங்குறாரு. 'அது மட்டும் முடியாதுப்பா, வேற எது வேணும்னாலும் கேளுங்க, எனக்குப் பயமா இருக்கு'ன்னாரு. கையில பெரிய கத்தரிக்கோல். அதப் பாத்தாரு, மேசை மேல வெச்சுத் தள்ளி விட்டாரு. 'யார் கையிலயாவது பட்டுடப்போகுது'ன்னாரு. அவ்வளவுதான்யா."

ஊர் அவருக்கு வைக்கவிருந்த சிலையோ கத்தரிக்கோலை ஓங்கி, நெஞ்சை நிமிர்த்தி நிற்பதாகத் திட்டம். பங்குப் பேரவைத் தலைவர் வீடு தேடி வந்தார்.

"நடுங்கினார்னு எழுதினா மேல இருக்கிறவங்க சிரிப்பாங்க, கணக்கரே. ஓங்கினார்னு போடுங்க. ஒரே ஒரு வார்த்தைதானே? உங்க அத்தானுக்குத்தானே பெருமை?"

கணக்கருக்கு மனம் ஆடத்தான் செய்தது. உண்மையை எழுதி, ஆயர் இல்லம் கைவிட்டுவிட்டால், தொடைநடுங்கி என்ற பெயர் மட்டும்தான் அத்தானுக்கு மிஞ்சும். அக்காவிடம் போனார். அவள் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு ஒரு கொசுவ அடிச்சு நீ பாத்திருக்கியாடா?"

"இல்லக்கா."

"பின்ன? உங்க சிலையில நிக்கிற ஆம்பள யாருன்னே எனக்குத் தெரியல. நான் வாழ்ந்தது நடுங்கின மனுஷனோட. அவர எழுது."

கணக்கர் எழுதினார். ஓங்கியிருந்தால் அத்தான் வீரர்தான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்று அவர் சிலுவையையும் விடவில்லை, எதிரே நின்றவர்கள்மேல் ஒரு கீறல் படவும் விடவில்லை. பின்கதவு, நடுக்கம், மேசை, எதையும் கணக்கர் எழுதாமல் விடவில்லை.

வசூல் நின்றது. பேரவைத் தலைவர் கணக்கரை எதிரே கண்டால் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு போவார். ஆயர் இல்லத்திலிருந்து ஆறு ஆண்டுகளில் மூன்று கடிதங்கள் வந்தன: முன்விரோதம் உண்டா? கதவு எந்தப் பக்கம் திறக்கும்? கத்தரிக்கோலைத் தானாக வைத்தாரா, பிடுங்கினார்களா? மூன்றுக்கும் பதில் போனது.

நான்காவது கடிதத்தைக் கணக்கர் அக்காவுக்கு வாசித்துக் காட்டினார். மறைமாவட்ட மறைசாட்சிகள் பட்டியலில் தையற்காரர் பெயர் சேர்க்கப்பட்டிருந்தது.

"பயந்தாருன்னு போட்டிருக்காங்களா?"

"ரெண்டாவது வரியிலயே போட்டிருக்காங்கக்கா."

"அப்ப அவரேதான்" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள்: 1997 ஜூன் 18, புதன்கிழமை.