காவிக்கோட்டைத் தாண்டிய தடிப்பு

கல்யாணமாகி நாகலூருக்கு வந்த முதல் மழைக்காலத்தில் என் வலது பாதத்தின் மேல் ஒரு சிவந்த கோடு தோன்றியது. நூல் தடிமன்தான் இருக்கும். தடவினால் மேடாகத் தெரிந்தது, வளைந்து நெளிந்து போனது. படுத்தால் அரிப்பு உயிரை எடுத்தது. எண்பதுகளின் தொடக்கம் அது.

மாமியார் அதைப் பார்த்ததிலிருந்து என் தட்டு தனியானது. பெண் பார்க்க வந்தபோதே நான் காலைச் சேலையால் மூடிக்கொண்டிருந்தேன் என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம். யாருடைய கால்தான் சேலைக்கு வெளியே இருக்கும்? நோயை மறைத்து என்னைத் தள்ளிவிட்டார்கள் என்பது அவருடைய முடிவு. என் பங்குக்கு நானும் சும்மா இருக்கவில்லை. அவர் தடவக் கொடுத்த எண்ணெயில்தான் ஏதோ இருக்கிறது, என்னை விரட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் எஸ்டேட்டிலிருந்து வந்து இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுத் தூங்கிவிடுவார்.

முதலில் அக்கி என்றார்கள். எங்கள் பக்கம் அக்கிக்கு மருந்து போடமாட்டார்கள், எழுதுவார்கள். பானை செய்பவர் ஒருவர் காவியைக் குழைத்து, தடிப்பைச் சுற்றி வரப்பு கட்டி, உள்ளே சிங்கம் என்று ஒன்றை எழுதினார். எனக்கு அது பூனையாகத்தான் தெரிந்தது. மறுநாள் பார்த்தால் தடிப்பு வரப்பைத் தாண்டி விரல் பக்கம் போயிருந்தது. எழுதியும் அடங்காதது பெருநோய்தான், குஷ்டம்தான் என்று மாமியார் தீர்த்துவிட்டார். ஏற்காடு ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயால் அதைச் சொல்ல வைத்து, அங்கிருந்தே என்னைச் சேலம் பஸ்ஸில் ஏற்றி அம்மா வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அனுப்பினால் திரும்ப அழைக்கமாட்டார் என்று தெரியும்.

டாக்டர் காவியைத் துடைக்க வேண்டாம் என்றார். எப்போது எழுதியது என்று கேட்டுக்கொண்டு, வரப்புக்கு வெளியே நீண்டிருந்த தடிப்பை விரலால் அளந்தார்.

"அக்கி ஒரு இடத்துல நிக்கும். பெருநோயா இருந்தா அந்த இடம் மரத்துக் கிடக்கும், இப்படி அரிக்காது. இது நகருது. உள்ள ஒரு புழு ஊர்ந்து போகுதும்மா."

நாய் மலத்திலிருந்து ஈர மண்ணில் இறங்கும் கொக்கிப்புழுக் குஞ்சு அது, வெறுங்காலில் ஏறிவிடும், ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது, மருந்தில் அடங்கிவிடும் என்று விளக்கினார். ரத்தம்கூட எடுக்கவில்லை. ஈர மணலில் நின்றேனா என்று கேட்டார். நின்றேன். புது அறை கட்ட இறக்கிய மணலைச் சலித்தது நான்தான். அந்தக் குவியலில் எஸ்டேட் நாய்கள் எல்லாம் வந்து படுக்கும்.

கூட யார் நின்றது என்றார். சலிக்க மணல் அள்ளிப்போட்ட மாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சேலையைக் கொஞ்சம் தூக்கி இடது காலை நீட்டினார். குதிகாலுக்கு மேலே அதே கோடு, மஞ்சள் பூசி மறைத்திருந்தது.

"ஏனுங்க, எனக்கும் அதானுங்களா?"

எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். மாமியார் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இவளுக்கு வர்றதுக்கு முன்னாலயேங்க."