முடி கொடுக்க ஒரு சாமி

எனக்கு எட்டு வயது நடந்தபோது என் முடி இடுப்பைத் தொட்டது. அம்மா அதற்கு எண்ணெய் வைத்துப் பின்னி, நுனியில் சிவப்பு நூல் கட்டிவிடுவாள். சிங்கப்பூர்த் தேக்காவில் எங்கள் குடிசை வரிசைப் பையன்கள் அந்த நூலைப் பிடித்து, "டிராம் வண்டி, நில்லு" என்று இழுப்பார்கள். எதிர்ச்சாரியில் மளிகைக்கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கேதான் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டார். அவர் முதுகிலும் ஒரு சடை தொங்கியது. என்னைக் கண்டால் தன் சடையைத் தூக்கிக் காட்டிச் சிரித்துவிட்டு, கை நிறையக் கச்சான் கடலை கொடுப்பார்.

முடி இத்தனை வளர்ந்ததற்குக் காரணம் பக்தி. எங்கள் வழக்கத்தில் பிள்ளையின் முதல் முடியைக் குலசாமிக்குத்தான் இறக்க வேண்டும். எங்கள் குலசாமி எது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அப்பாவைப் பெற்ற தாத்தா. பினாங்குப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக உழைத்து, கெடு முடிந்ததும் சிங்கப்பூருக்கு வந்தவர். எந்த ஊர், எந்தச் சாமி என்று கேட்டால், "சொல்றேன், இப்ப என்ன அவசரம்" என்பாராம். அவசரமில்லாமலே இருந்து, நான் தொட்டிலில் கிடந்தபோது இறந்துபோனார்.

வேறு சாமிக்கு முடி கொடுத்தால் குலசாமி கோபித்துக்கொள்ளும் என்பது அம்மாவின் கட்சி. அப்பா ரோடு வேலையில் கல் உடைப்பவர். பேச்சும் அப்படித்தான்.

"யாருன்னே தெரியாத சாமி எப்படிடி கோவிச்சுக்கும்?"

"தெரிஞ்ச சாமின்னா கெஞ்சிக்கலாம். தெரியாததுகிட்ட என்னன்னு போயி கெஞ்சறது?"

அந்த வருடம் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப் போனார்கள். வாத்தியார் என் சடையைப் பார்த்துவிட்டு, பெண் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்றார். அப்பா என் இடுப்புத் துணியில் கைவைத்து, அங்கேயே சாட்சி காட்டத் தயாரானார். வாத்தியார் பதறிப்போய்த் தடுத்தார். தைப்பூசத்துக்குள் மொட்டையோடு வந்தால் சேர்த்துக்கொள்வதாகவும், அதற்குமேல் வயது தாண்டிவிடும் என்றும் சொல்லி அனுப்பினார். எனக்குப் பள்ளிக்கூடத்தின்மேல் ஆசை இல்லை. ஆனால் பேனும் சடையும் போவதற்காகப் பள்ளிக்கூடமே போக வேண்டும் என்றாலும் போய்விடலாம் என்று தோன்றியது.

கப்பலில் வந்த கூலிகள் எல்லோரையும் சர்க்கார் எழுதி வைத்திருக்கிறது என்று யாரோ அப்பாவிடம் சொன்னார்கள். தாத்தாவின் தோட்டத்துச் சீட்டு ஒன்று பெட்டியடியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனோம். பல நாள் அலைந்த பிறகு, கிராணி ஒருவர் மனமிரங்கிப் பெரிய புத்தகம் ஒன்றைத் தூசி தட்டிப் பிரித்தார்.

"பேரு வீரப்பன். தகப்பன் பேரு அய்யாவு. ஊர் ஓடைக்குடி. நல்ல உயரம். இடது கன்னத்தில் பெரிய மச்சம்."

அப்பா தலையைச் சொறிந்தார். "எங்கப்பா குள்ளங்க. மச்சமெல்லாம் கெடையாதுங்க."

"உங்கப்பனை நீ எத்தனை தடவை அளந்தே?"

"அளக்கலீங்க."

"துரை அளந்திருக்கான். போ."

எங்கள் குடிசையின் தணிந்த வாசலில்கூடத் தாத்தா ஒருநாளும் குனிந்ததில்லை என்பது துரையின் எழுத்துக்கு முன்னால் எடுபடவில்லை. அம்மா அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. ஊர் கிடைத்துவிட்டது, மச்சம் யாருக்கு வேண்டும் என்றாள்.

அடுத்து, சிங்கப்பூரில் இருக்கும் ஓடைக்குடிக்காரர் ஒருவரைப் பிடித்து, சாமி எது என்று கேட்க வேண்டும். எல்லா ஊர்க்காரனும் கூடும் இடம் கள்ளுக்கடைதான். அப்பா கொஞ்சமும் சலிக்காமல் தினமும் போய் விசாரித்தார். அம்மா பொறுமையிழக்கும் தறுவாயில், புக்கிட் மேராவில் ஒரு செங்கல் காளவாயில் மாட்டுவண்டி ஓட்டும் கிழவர் ஓடைக்குடிக்காரர் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கு, தேங்காய் பழத்தோடு மூவரும் நடந்தே போனோம். செம்மண் குன்றின் அடிவாரத்தில் கொட்டகை. நெட்டையான கிழவர் ஒருவர் மாட்டுக்கு வைக்கோல் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அப்பா கும்பிட்டுச் சொன்னார். "நமக்கும் ஓடைக்குடிதாங்க. அய்யாவு பேரன் நான். எங்கப்பா பேரு வீரப்பன்."

கிழவர் அரிவாளைக் கீழே வைத்தார். அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். என் சடையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"அய்யாவு மவன் வீரப்பன் நாந்தான்டா. எனக்குக் கல்யாணமே ஆவலியே! நீ எங்கேருந்துடா வந்தே?"

அம்மாவின் கண் அவருடைய இடது கன்னத்தில் நின்றது. அங்கே ஒரு மச்சம், இலந்தைப் பழம் அளவுக்கு. அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ, ஆடி அமாவாசை தவறாம உங்களுக்குப் படையல் போட்டுக்கிட்டு வர்றமே!"

"அப்படிச் சொல்லு! ஆடி அமாவாசைன்னா எனக்குப் பசியே எடுக்கறதில்ல. சாராயத்தாலன்னு நெனச்சேன்." கிழவர் யோசித்தார். "என்ன வெச்சுப் படைச்சீங்க?"

"வாழைக்காப் பொரியல், பாயசம்..."

"வாழைக்கா எனக்கு வாயு. இனிமே வேற வையி."

அப்புறம் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். நாகப்பட்டினத்தில் கூலி டிப்போவில் அவருடைய பெயரைப் பதிந்து, அளந்து, மச்சத்தையும் எழுதிச் சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் கடலைக் கண்ணால் பார்த்ததும் கப்பலே வேண்டாம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அதே டிப்போ வாசலில் ஒரு பையன், எப்படியாவது கப்பலேறினால் போதும் என்று சுற்றிக்கொண்டிருந்தான். இவர் சீட்டைக் கொடுத்தார். அவன் வீரப்பனாகப் போனான். இவர் வீட்டுக்குத் திரும்பினார். சில வருடம் கழித்துப் பஞ்சம் வந்து, கடலைவிட வயிறு பெரிது என்று ஆனபோது இவரும் கப்பலேறினார்.

"என் பேருலதான் முன்னமே ஒருத்தன் போயிட்டானே. ஒரே ஆளு ரெண்டு தடவை போனா சர்க்கார் விடுமா? அதான் மச்சான் பேருல வந்தேன். இங்க எல்லாருக்கும் நான் சின்னக்கண்ணு."

"அப்ப உங்க மச்சான்?" என்று அம்மா கவலையோடு கேட்டாள்.

"அவன் ஊரை விட்டு நகர மாட்டான். அவனுக்கு எதுக்குப் பேரு?"

"அந்தப் பையனுக்கு எந்த ஊருன்னு கேட்டீங்களா?" என்றார் அப்பா.

"கேட்டேன். இனிமே ஓடைக்குடின்னான்."

அம்மாவுக்கு அப்போதுதான் முழுதும் உறைத்தது. ஊர் போனது, சாமி போனது, பள்ளிக்கூடமும் போனது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சடை இனி சாகும்வரை கூடவே வரப்போகிறது என்று நானும் கத்தி அழுதேன். இரண்டு பேருக்கும் நடுவில் அப்பா தேங்காய்ப் பையை வைத்துக்கொண்டு நின்றார்.

கிழவருக்கு அழுகைச் சத்தம் பிடிக்கவில்லை. "சும்மா இருங்க. என் பேருல போனவன் பேரப்புள்ளன்னா எனக்கும் பேரன்தான். என் சாமிக்குக் குடுங்க. ஓடைக்கரை முனி. ஒரு சுருட்டும் ரெண்டு முட்டையும் போதும். கிராணி மாதிரி மச்சமெல்லாம் பாக்காது."

கொட்டகைக்குப் பின்னால் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு அவர் கும்பிட்டு வந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தாள். கல் கோபமாக இருப்பதாகத் தெரியவில்லை. சரி என்றாள். கிழவர் கால்மடக்கி உட்கார்ந்து என்னைத் தன் மடியில் இருத்திக்கொண்டார். காளவாய் ஆட்களுக்குச் சிரைக்கும் சீனரைக் கூப்பிட்டார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, தொழில் தெரியும். சீனர் வழக்கப்படி முன்தலையை மட்டும் கண்ணாடி போல வழித்தார். பின்சடையை அவிழ்த்துச் சீவி, முன்னைவிட அழகாகப் பின்னி, தோளில் தட்டி, எப்படி என்பது போல எல்லோரையும் பார்த்தார்.

அம்மா போட்ட கூச்சலில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. சடையை வெட்டச் சொல்லிச் சைகை காட்டினார்கள். சீனர் பின்வாங்கினார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இத்தனை நல்ல சடையை வெட்டுகிற பாவத்துக்குத் தான் ஆள் இல்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. கடைசியில் கிழவரே வைக்கோல் அரிவாளால் ஓர் இழுப்பில் அறுத்துக் கல்லின் மேல் வைத்தார். மிச்சத்தைச் சீனர் முகத்தைத் திருப்பிக்கொண்டே சிரைத்தார். என் காதோரம் இருக்கும் தழும்பு அன்று விழுந்தது.

தலையில் முதல்முறையாகக் காற்று பட்டது. நான் தலையைத் தடவித் தடவிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்பா கிழவரிடம் கேட்டார்.

"எங்கப்பா அந்த டிப்போவுல எப்படி இருப்பாரு?"

"குள்ளமா, கறுப்பா இருப்பான். எப்பவும் தாகம். நான் செம்பை நீட்டுனா தொட மாட்டான். தள்ளி உக்காந்து ரெண்டு கையையும் குவிச்சு ஏந்துவான். மேலேருந்து ஊத்தணும். செம்பைப் புடிச்சுக் குடியேன்டான்னா சிரிப்பான். கப்பலுக்குப் போற அன்னிக்கு என் சீட்டை வாங்கி மடியில செருவிக்கிட்டான். அப்புறம் என்னைக் கேக்காமலே செம்பை எடுத்தான். வாய் வெச்சு, மொத்தத் தண்ணியையும் குடிச்சான். 'இப்ப வீரப்பன் நாந்தானே'ன்னான்."

அப்பா, அறுத்துக்கொண்ட மாட்டைப் பிடித்துக் கட்டுகிறேன் என்று எழுந்து போனார். மாடு அங்கேயேதான் நின்றது. அவர் திரும்பி வர நேரமாயிற்று. தாத்தா பெரிய தாகக்காரர் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் நான் அதிக காலம் நிற்கவில்லை. பிறகு துறைமுகங்களிலும் தோட்டங்களிலும் கப்பல் அடுப்படியிலும் வேலை பார்த்து, ஒருமுறை தஞ்சாவூர்ச் சீமைக்கும் போனேன். அங்கே ஒரு கிணற்றடியில் சிலர் தள்ளி உட்கார்ந்து, கைகளைக் குவித்து, மேலிருந்து யாராவது ஊற்றுவார்களா என்று காத்திருந்தார்கள். கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தது. அவர்கள் கயிற்றைத் தொடக் கூடாது. தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம், தம்பிக்கு எந்த ஊர் என்று கேட்டார். ஓடைக்குடி என்றேன். அவர் செம்பை என் கையில் கொடுத்தார்.

தாத்தா ஏன் செம்பைத் தொடவில்லை என்று அந்தக் கிழவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தேதான் என்னை மடியில் இருத்திக்கொண்டார்.