பக்கத்து வீட்டு டைனமோ

விழிதியூரில் பக்கத்து வீட்டுக்காரரும் நானும் காரைக்காலில் ஒரே அலுவலகத்தில் எழுத்தர்கள். எழுபதுகளின் நடுவில் இருவரிடமும் சைக்கிள் இருந்தது. அவருடையதில் விளக்கெரிக்க டைனமோவும் இருந்தது. அவருடைய மாமனார் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்குபவர். பாரீசுக்குப் போய்வந்தபோது மாப்பிள்ளைக்கென்று அதைக் கொண்டுவந்தார். என் மாமனார் எனக்குத் தந்தவற்றை எண்ணிப் பார்த்தேன். இரண்டு வேட்டி, ஒரு குடை. குடை முதல் மழையிலேயே கம்பி விட்டுவிட்டது.

என்னிடம் டார்ச் லைட். அதில் இரண்டு செல். உள்ளே அடைத்து வைத்தது தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆகவே இருட்டிய பிறகு எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன்: விளக்கில்லாதவன் விளக்குள்ளவனை ஒட்டி வருவது. விளக்கில்லாத சைக்கிளைப் பிடிக்கும் போலீஸ்காரரும் சேர்ந்து வருகிறவர்களை விட்டுவிடுவார்.

ஒருநாள் என் மனைவி சொன்னாள்: "அவங்க லைட்டு செல்லும் இல்லாம எண்ணெயும் இல்லாம சும்மாவே எரியுதுங்க. நீங்களும் பி.எஸ்ஸி. படிச்சீங்க, செல்லா வாங்கித் தூக்கிப் போடுறீங்க."

அந்தச் 'சும்மா' மூன்று வேளைச் சோற்றிலும் கல்லாகக் கடிபட்டது. இந்த உலகத்தில் எதுவும் சும்மா எரிவதில்லை. அதை அவளே ஒப்புக்கொள்ளாமல் எனக்கு நிம்மதியில்லை.

ஞாயிறு காலையில் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு, அவர் வாசலிலேயே சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தினேன். பின்சக்கரம் தரையைத் தொடாமல் நின்றது. எண்ணுவதற்காக அதன் கம்பி ஒன்றில் வெள்ளைத் துணி முடிந்தேன். பெடலோடு ஒரு செங்கல்லை இறுக்கிக் கட்டி, மேலே தூக்கிப் பிடித்தேன். இரண்டு வீட்டுப் பெண்களும் வந்து நின்றார்கள்.

"தூக்குன என் கையோட சக்தி இப்ப செங்கல்லுல இருக்கு. விட்டா சக்கரத்துக்குப் போவும்" என்றேன்.

விட்டேன். முப்பத்தெட்டுச் சுற்று ஓடி நின்றது. பிறகு டைனமோவை டயரில் படும்படி சாய்த்துவிட்டு, அதே செங்கல்லை அதே உயரத்திலிருந்து விட்டேன். பல்பு ஒருமுறை கண் சிமிட்டியது. சக்கரம் இரண்டாவது சுற்று முடியுமுன் நின்றுவிட்டது.

"மிச்ச சுத்தெல்லாம் காணாமப் போயிடல. வெளிச்சமா, சூடா, சத்தமா மாறிப்போச்சு. இவரு தின்ன சோறு காலுக்கு வந்து, கால்லேருந்து சக்கரத்துக்கு வந்து, அதுதான் எரியுது. சும்மா இல்ல."

மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாடி, அவ்வளவு பலமா அண்ணனுக்கு" என்றாள்.

அவரும் குனிந்து தன் காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அப்ப இத்தன நாளா உங்களுக்கும் சேத்து நாந்தான் மிதிச்சிருக்கேனா சார்?"

அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதான் ராத்திரி எட்டு தோச உள்ள போவுதா? அக்கா, நாளைலேருந்து நாலு தோச உங்க வீட்டுலேருந்து அனுப்புங்க."

என் மனைவி சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் பக்கத்தில் வந்தாலும் வராவிட்டாலும் அவர் மிதிப்பது அதே அளவுதான், என் பங்குக்கு ஒரு துளியும் அதிகமாகாது என்று விளக்கினேன். இன்றைக்கும் அதுதான் சரி. அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அதன்பிறகு டார்ச்சைக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு தனியாகவே வந்தேன். கார்த்திகையில் ஒரு மாலை, மழை விட்டிருந்தது. பாதி வழியில் டார்ச் மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தது. இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர். சாலை எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. இறங்கி நின்றேன். பின்னாலிருந்து டைனமோ இரையும் சத்தம் வந்தது.

"வாங்க சார்" என்றார். "ரெண்டு பேருக்கும் சேத்தே தின்னுட்டு வந்திருக்கேன்."

ஏறி, பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். ஊறிய மண் சக்கரத்தைப் பிடித்து இழுத்தது. அவருக்கு மூச்சு வாங்குகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே வந்தேன். வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது, விளக்கே இல்லாத சைக்கிளில்.